தலைப் பக்கம் பேரரசர், பூப் பக்கம் ஊர்: ரோமானிய மாகாண வெண்கலக் காசுகளைப் படிப்பது எப்படி?

நாணயக் கண்காட்சிகளில் இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். மேசைமேல் பச்சை படிந்த ஒரு வெண்கலக் காசு இருக்கும். ஒருவர் அதைக் கையில் எடுத்து, "இது எந்த ராஜா?" என்பார். விற்பவர் ஒரு பெயர் சொல்வார். "ஓ, ரோமன் காயினா" என்று காசைக் கீழே வைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்துவிடுவார். திருப்பிப் பார்க்கவே மாட்டார். திருப்பியிருந்தால், அந்தக் காசு ரோமிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஏதோ ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் கோயிலையும் தங்கள் ஆற்றையும் பொறித்து அடித்துக்கொண்டது என்று தெரிந்திருக்கும்.

இந்தக் காசுகளைப் பற்றி மூன்று தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன. எல்லாம் ரோமில் அடித்து அனுப்பப்பட்டவை என்பது ஒன்று. கிரேக்க எழுத்து இருந்தால் அது அலெக்சாண்டர் காலத்துக் காசு என்பது இரண்டாவது. ஆயிரத்தெண்ணூறு வருஷப் பழசு என்றால் விலை லட்சத்தில்தான் இருக்கும் என்பது மூன்றாவது. மூன்றும் சரியில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப்போகிறோம். நாணயவியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## அம்மன் காசிலிருந்து தொடங்குவோம்

புதுக்கோட்டை அம்மன் காசு நம்மில் பலர் பார்த்ததுதான். சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபக்கம் தெலுங்கு எழுத்தில் 'விஜய' என்றிருக்கும். அதே காலத்தில் புதுக்கோட்டைக்காரர் பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளி ரூபாயைத்தான் பயன்படுத்தினார். பெரிய பணம் பேரரசுடையது, சில்லறை சமஸ்தானத்துடையது. திருவிதாங்கூரிலும் இதே கதை. அங்கே சக்கரம் என்று ஒரு காசு. ஆங்கிலேய ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் என்பது கணக்கு.

இப்போது ஒரு கற்பனை செய்து பாருங்கள். அம்மன் காசில் 'விஜய' என்ற எழுத்து இருக்கும் இடத்தில் விக்டோரியாவின் தலை இருக்கிறது, மறுபக்கம் பிரகதாம்பாள் அப்படியே இருக்கிறாள். ரோமானிய மாகாணக் காசு என்பது கிட்டத்தட்ட அதுதான்.

இனி வரையறை. ரோம் தான் வென்ற நாடுகளை மாகாணங்களாகப் பிரித்து ஆண்டது. அந்த மாகாணங்களிலிருந்த நகரங்கள் தங்கள் பெயரில் அடித்து, தங்கள் வட்டாரத்தில் புழங்கவிட்ட காசுகளே மாகாணக் காசுகள். ஆய்வாளர்கள் இதன் தொடக்கத்தை ஜூலியஸ் சீசர் கொல்லப்பட்ட கி.மு. 44 என்றும், முடிவை எகிப்தின் அலெக்சாந்திரியா தன் காசை நிறுத்திய கி.பி. 296-297 என்றும் வைத்துக்கொள்கிறார்கள். இந்த இடைவெளியில் ஏறத்தாழ 600 ஊர்கள் காசு அடித்திருக்கின்றன. ஸ்பெயின், பிரான்ஸ் போன்ற மேற்குப் பகுதிகளில் பேரரசர் கிளாடியஸ் காலத்தோடு (41–54) பெரும்பாலும் நின்றுபோயிற்று. கிரீஸ், இன்றைய துருக்கி, சிரியா, பால்கன் நாடுகள் என்று கிழக்கே மட்டும் அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகள் ஓடியது.

கிழக்கே மக்கள் பேசியதும் எழுதியதும் கிரேக்கம். ஆகவே காசிலும் கிரேக்கம். ரோமன் ஆட்சி, கிரேக்க எழுத்து. இந்தக் குழப்பத்தால் பழைய பட்டியல்கள் இவற்றை 'கிரேக்க இம்பீரியல்' என்றே அழைத்தன. 1992இல் 'ரோமன் ப்ராவின்ஷியல் காயினேஜ்' என்ற பெரும் பட்டியலின் முதல் தொகுதி வந்த பிறகுதான் இன்றைய பெயர் நிலைத்தது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தலை பேரரசருடையது என்றாலும் காசை அடித்தது ஊர். எழுத்து கிரேக்கமாக இருந்தாலும் காலம் ரோமானியக் காலம்.

## சில்லறையை மட்டும் ஊருக்கு விட்டது ஏன்?

பொற்காசு அடிக்கும் உரிமையை ரோம் மாகாண நகரங்களுக்குக் கொடுக்கவே இல்லை. வெள்ளிக் காசு அடிப்பது அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, கப்படோக்கியாவின் செசரியா போன்ற சில பெரிய அக்கசாலைகளோடு (காசு அடிக்கும் இடம்) நின்றது. வெண்கலச் சில்லறை ஊர்களிடம் விடப்பட்டது. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதில்லை. ஒரு மூட்டை வெண்கலத்தின் மதிப்பு ஒரு பிடி வெள்ளிக்குள் அடங்கிவிடும். அதை இத்தாலியிலிருந்து கப்பலேற்றினால் கூலிக்கே போதாது. தவிர, ரோம் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கிரேக்க நகரங்களுக்குச் சொந்தமாகக் காசு அடிக்கும் பழக்கம் இருந்தது.

ஊருக்கு இதில் என்ன லாபம்? இதற்கு அந்தக் காலத்தவரே எழுதிவைத்த பதில் ஒன்று கிடைத்திருக்கிறது. டார்டனெல்ஸ் நீரிணைக் கரையில் செஸ்டோஸ் என்று ஓர் ஊர். ரோமானியர் அங்கே வந்த புதிதில், கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, மேனாஸ் என்ற ஊர்ப் பெரியவரைப் புகழ்கிறது. ஊர் சொந்தக் காசு அடிக்க முடிவெடுத்தபோது பொறுப்பேற்றவர் அவர். இரண்டு காரணங்களைக் கல்வெட்டு சொல்கிறது: ஊரின் சின்னம் புழக்கத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்று, அதனால் வரும் வருமானம் ஊருக்குச் சேர வேண்டும் என்பது மற்றொன்று. பெருமையும் வரும்படியும். நான் படித்த வரையில் இந்தக் காசுகளை இதைவிடச் சுருக்கமாக யாரும் விளக்கியதில்லை.

வரும்படி எப்படி வரும்? நம் பத்து ரூபாய் நாணயத்தை உருக்கினால் பத்து ரூபாய்க்கு உலோகம் தேறாது. அது செல்லுவது அதன்மேல் உள்ள நம்பிக்கையால். இந்த முகமதிப்புக்கும் உலோக மதிப்புக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் காசு அடிப்பவருக்கு லாபம். மாகாண வெண்கலமும் அப்படியே. செம்பில் தகரமும் ஈயமும் கலந்து வார்த்த வட்டுக்கு, ஊர் நிர்ணயித்ததே விலை.

இரண்டாவது வரும்படி, மாற்றுக் கட்டணம். வரி கட்ட ரோமானிய வெள்ளிக் காசான டெனாரியஸ் வேண்டும், காய்கறி வாங்க ஊர்ச் சில்லறையான அசாரியன் வேண்டும். இரண்டையும் மாற்றித் தர ஊர் நியமித்த காசுக்கடைக்காரர் உண்டு. பெர்கமோனில் கிடைத்த ஒரு கல்வெட்டு அந்தக் கணக்கைச் சொல்கிறது. நீங்கள் ஒரு டெனாரியஸ் கொடுத்தால் 17 அசாரியன் தருவார். அதே டெனாரியஸைத் திரும்ப வாங்கப் போனால் 18 கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கைமாறலிலும் ஒரு காசு அவர் பெட்டியில் விழும். மைலாசா என்ற ஊரில் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கள்ளத்தனமாகக் காசு மாற்றுபவர்களைத் தண்டிக்கத் தீர்மானமே போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு காசு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

தமிழ் பைபிள் படித்தவர்களுக்கு இந்த இரண்டு காசுகளும் பழக்கமானவை. "ஒரு காசுக்கு இரண்டு அடைக்கலான் குருவிகள்" என்ற இடத்தில் வரும் 'காசு' மூல நூலில் அசாரியன். திராட்சைத் தோட்டத்து வேலையாட்களுக்கு நாள் கூலியாகப் பேசப்பட்ட 'பணம்' டெனாரியஸ்.

நம்மூர் சேகரிப்பாளர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கோவை, கரூர் பகுதிகளில் புதையலாகக் கிடைத்த ரோமானியக் காசுகள் பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளியும் பொன்னும். அகஸ்டஸின் பேரப்பிள்ளைகள் இருவர் கேடயத்தோடு நிற்கும் அந்தப் பிரபலமான வெள்ளிக் காசு, இன்றைய பிரான்சின் லியோனில் பேரரசே அடித்தது. அவை மாகாணக் காசுகள் அல்ல. முசிறிக்குக் கப்பல்கள் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்துதான் கிளம்பின என்றாலும், எகிப்தின் உள்ளூர்க் காசு எகிப்துக்குள் மட்டும் செல்லும்படி ஏற்பாடு. கல்லூரி கேன்டீன் டோக்கனைப் பக்கத்துக் கடையில் நீட்டுவது போல, வெளியே அதற்கு மதிப்பில்லை. மிளகுக்கு வெள்ளியும் பொன்னும்தான் வந்தன. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் பொடிப்பொடியான ரோமானியச் செப்புக் காசுகளோ நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மாகாணக் காசுகள் நின்றுபோன பிறகு வந்தவை.

ஆக, பொன் ரோமுக்கு, வெள்ளி சில பெருநகரங்களுக்கு, வெண்கலம் ஊருக்கு. ஊர் அடித்த காசு ஊரைச் சுற்றியே புழங்கியது.

## ஒரு காசைக் கையில் எடுப்போம்

என்னிடம் உள்ள ஒரு காசைச் சொல்கிறேன். நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது, எடை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். உள்ளங்கையில் வைத்தவுடன் குளிர்ச்சியாக ஒரு கனம் தெரியும். விளிம்பு ஓரிடத்தில் லேசாக வெடித்திருக்கிறது. அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்த வேகத்தில் வந்த வெடிப்பு அது.

தலைப் பக்கத்தில் இலைமாலை சூடிய ஓர் இளைஞனின் தலை. மீசைகூட அரும்பாத முகம். மூன்றாம் கார்டியன். கி.பி. 238இல் பேரரசராகும்போது அவருக்கு வயது 13. கழுத்துக்குப் பின்னால் மேலங்கியின் முடிச்சு நகத்தால் தடவினால் தெரியும் அளவுக்கு மேடாக இருக்கிறது.

பூப் பக்கத்துக்கு வருவோம். நடுவில் ஒரு பெண் நிற்கிறாள், இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியபடி. அவளுக்கு ஒரு பக்கம் காளை, மறுபக்கம் சிங்கம். சுற்றிலும் லத்தீன் எழுத்து: 'பி.எம்.எஸ். கோல் விம்'. விரித்தால் 'மேல் மோய்சியா மாகாணம், விமினாகியம் குடியேற்ற நகரம்'. குடியேற்ற நகரம் என்பது ரோமானியக் குடிமக்கள், குறிப்பாக ஓய்வுபெற்ற படைவீரர்கள் குடியமர்த்தப்பட்ட ஊருக்கோ, பின்னாளில் அந்தத் தகுதியை விருதாகப் பெற்ற ஊருக்கோ உரிய பெயர். அப்படிப்பட்ட ஊர்கள் கிழக்கே இருந்தாலும் காசில் பெரும்பாலும் லத்தீன் எழுதின. விமினாகியம் இன்றைய செர்பியாவில், டான்யூப் நதிக்கரையில் கொஸ்டோலாட்ஸ் அருகே இருக்கிறது.

அந்தப் பெண் மாகாணத்தின் உருவம். காளையும் சிங்கமும்? அந்த மாகாணத்தில் இரண்டு படையணிகள் நிலைகொண்டிருந்தன. ஏழாம் கிளாடியா அணியின் சின்னம் காளை, நான்காம் ஃபிளாவியா அணியின் சின்னம் சிங்கம். எல்லையில் காவலிருந்த வீரன் சம்பளச் சில்லறையாக இந்தக் காசை வாங்கியிருந்தால், தன் கொடியில் இருக்கும் விலங்கையே அதில் பார்த்திருப்பான்.

அடியில், கோட்டுக்குக் கீழே 'ஏ.என். 3' என்றிருக்கிறது. மூன்றாம் ஆண்டு. கார்டியன் இந்த ஊருக்குக் குடியேற்றத் தகுதி கொடுத்த 239ஆம் ஆண்டிலிருந்து அவர்கள் ஆண்டு எண்ணினார்கள். ஆகவே என் காசு கி.பி. 241-242. நம் கோயில் கல்வெட்டுகளில் 'இன்ன மன்னருக்கு யாண்டு மூன்றாவது' என்று வருகிறதே, அதே முறை. இங்கே மன்னரின் ஆண்டுக்குப் பதில் ஊரின் ஆண்டு.

கிரேக்கக் காசைப் படிப்பதும் பயப்படுவது போல் கஷ்டமில்லை. தலைப் பக்கத்தில் மூன்று சொற்களைத் தேடுங்கள்: 'அவ்டோக்ராடோர்' (பேரரசர்), 'கைசர்' (சீசர்), 'செபஸ்டோஸ்' (அகஸ்டஸ்). பெரும்பாலும் சுருக்கி இரண்டு மூன்று எழுத்தில் முடித்திருப்பார்கள். பூப் பக்கத்தில் ஊர்ப் பெயர் 'எபெசியோன்' என்பது போல முடியும். பொருள், 'எபேசியருடைய'. காசு எபேசு மக்களுடையது என்று காசே சொல்கிறது. எபேசியர், தெசலோனிக்கேயர், கொலோசெயர் என்று பைபிளில் பவுல் நிருபங்களின் தலைப்பில் வரும் அதே ஊர்மக்கள்தான். அந்த ஊர்கள் எல்லாமே காசு அடித்தவை. ஒரு சின்ன உதவி: ரோமானியக் காலத்தில் கிரேக்கத்தின் 'ஸ்' எழுத்தைப் பலவேளை ஆங்கில சி வடிவிலும், நெடில் 'ஓ'வை டபிள்யூ வடிவிலும் பொறித்தார்கள். டபிள்யூ வடிவமும் ஆங்கில 'என்' வடிவமும் சேர்ந்து முடியும் சொல்லைக் கண்டால் அது அநேகமாக ஊர்ப் பெயர்.

எல்லா ஊரும் பேரரசர் தலையைப் போட்டதும் இல்லை. ஏதென்ஸ் தன் அதீனா தேவியையே வைத்துக்கொண்டது. கியோஸ் தீவுக்காரர்கள் பேரரசரையும் போடவில்லை, 'மூன்று அசாரியன்' என்று மதிப்பையும் எழுத்திலேயே பொறித்தார்கள். மற்ற ஊர்களில் மதிப்பை எழுதுவது அபூர்வம்.

## கோயிற்பரிசாரகியும் உபயமும்

பூப் பக்கத்தின் உயிர் ஊர்ப் பெருமையில் இருக்கிறது. அதில் அடிக்கடி வரும் ஒரு சொல் நியோகோரோஸ். பேரரசருக்கு மாகாண அளவில் கோயில் கட்டி வழிபாடு நடத்தும் உரிமை பெற்ற நகரத்தின் பட்டம் இது. சொல்லுக்கு நேர்ப்பொருள் கோயிலைப் பேணுபவர். தமிழ் பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில், கலவரம் செய்யும் கூட்டத்தை அமர்த்தும் அதிகாரி, எபேசு பட்டணம் தியானாளுக்குக் 'கோயிற்பரிசாரகி' என்கிறாரே, மூலத்தில் அங்கே இருப்பது இந்தச் சொல்தான். பேசும் அந்த 'பட்டணத்துச் சம்பிரதி' மூலத்தில் 'கிரம்மடெயுஸ்'. எபேசுக் காசுகளில் அந்தப் பதவியும் அதை வகித்தவர்களின் பெயரும் வருகின்றன. முதல் முறை இது பிடிபட்டபோது அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஒரு நூலில் படித்த சொல்லை, அந்த ஊர்க்காரனே உலோகத்தில் பொறித்து நம் கையில் கொடுத்தது போல் இருந்தது.

இந்தப் பட்டத்துக்காக எபேசு, ஸ்மிர்னா, பெர்கமோன் மூன்றும் தலைமுறை தலைமுறையாகப் போட்டி போட்டன. ஒரு முறை பெற்றால் ஒரு முறை, இரண்டாவது பேரரசரிடம் பெற்றால் 'இருமுறை நியோகோரோஸ்', பிறகு மும்முறை. 'ஆசியாவில் முதல் ஊர்' என்றும் சேர்த்துப் போட்டுக்கொண்டார்கள். தேர் பெரிதா, கோபுரம் உயரமா என்று பக்கத்து ஊரோடு மல்லுக்கு நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புரியும். சமாதானமும் காசிலேயே நடந்தது. இரண்டு ஊர்த் தெய்வங்கள் எதிரெதிரே நிற்க, 'ஹோமோனோயா' (ஒருமனம்) என்று எழுதிய காசுகள் ஏராளம்.

நம் கோயில் டியூப்லைட்டில் 'உபயம்: இன்னார்' என்று வெளிச்சத்தை மறைத்து எழுதியிருக்குமே, அதுவும் இங்கே உண்டு. ஸ்மிர்னாவில் போலெமோன் என்ற புகழ்பெற்ற சொற்பொழிவாளர் இருந்தார். பேரரசர் ஹாட்ரியனின் அன்புக்குரிய அந்தினூஸ் 130இல் நைல் நதியில் இறந்த பிறகு, அவன் உருவம் தாங்கிய பெரிய வெண்கலக் காசுகள் ஸ்மிர்னாவில் வெளிவந்தன. பூப் பக்கத்தில் இருக்கும் வாசகம்: 'போலெமோன் ஸ்மிர்னா மக்களுக்கு அர்ப்பணித்தது'. உபயம் போலெமோன்.

## பாம்பும் பேழையும்

கருங்கடல் கரையில் அபோனோடெய்கோஸ் என்ற சிற்றூர். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே அலெக்சாண்டர் என்றொருவர் (மன்னர் அலெக்சாண்டர் அல்ல) மனிதத் தலையும் கூந்தலும் கொண்ட கிளைக்கோன் என்ற பாம்புத் தெய்வம் தோன்றியிருப்பதாக அறிவித்துக் குறிசொல்லத் தொடங்கினார். கூட்டம் அலைமோதியது. அதே காலத்தில் வாழ்ந்த எழுத்தாளர் லூசியன் அவரைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் எழுதினார். ஊர்ப் பெயரை இயோனோபோலிஸ் என்று மாற்றவும், கிளைக்கோன் உருவத்தோடு காசு அடிக்கவும் அலெக்சாண்டர் பேரரசரிடம் அனுமதி கேட்டார் என்று அதில் வருகிறது.

ஒரு பகையாளி எழுதியதை எவ்வளவு நம்புவது? காசு பதில் சொல்கிறது. அந்தோனினஸ் பயஸ் (138–161) தலையோடு வந்த காசில் சுருண்ட பாம்பு, பக்கத்தில் 'கிளைக்கோன்' என்ற பெயர், ஊர்ப் பெயர் பழையபடி. அடுத்து லூசியஸ் வேரஸ் (161–169) காலத்தில் அதே பாம்பு, ஊர்ப் பெயர் மட்டும் இயோனோபோலிஸ். துருக்கியில் அந்த ஊரை இன்று இனெபோலு என்கிறார்கள். அந்தப் புதுப்பெயரின் தேய்ந்த வடிவம்தான் அது.

இன்னொன்று ஃபிரிஜியாவின் அபமேயா, இன்றைய துருக்கியின் தினார். அந்த ஊருக்கு 'கிபோடோஸ்' என்று ஒரு பட்டப்பெயர். பொருள், பெட்டி. கிரேக்க பைபிளில் நோவாவின் பேழைக்கும் இதே சொல். ஊரில் யூதர்களும் இருந்தார்கள். செப்டிமியஸ் செவரஸ் (193–211) காலத்திலிருந்து சில பேரரசர்கள் தலையோடு வந்த அந்தக் காசில், நீரில் மிதக்கும் திறந்த பெட்டிக்குள் ஓர் ஆணும் பெண்ணும். பெட்டியின் முகப்பில் 'நோயே' என்று கிரேக்க எழுத்தில் பெயர். மேலே ஒரு பறவை அமர்ந்திருக்க, இன்னொன்று கிளையோடு பறந்து வருகிறது. அதே ஆணும் பெண்ணும் பக்கத்தில் கரையேறி நின்று கைதூக்கித் தொழுகிறார்கள். நம் கோயில் சுவரோவியங்களில் ஒரே ஆள் ஒரே காட்சியில் இரண்டு இடத்தில் வருவாரே, அதே உத்தி. ரோமானியத் தெய்வங்களை வணங்கிய பேரரசரின் தலைக்குப் பின்னால் நோவாவின் கதை. ரோமில் இப்படி ஒரு காசு வந்திருக்க வாய்ப்பே இல்லை. (இது அபூர்வமான காசு. உங்களுக்கு மலிவாகக் கிடைத்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.)

## காயம் என்று நினைக்க வேண்டாதவை

புதியவர்கள் 'சேதம்' என்று ஒதுக்கும் சில அடையாளங்கள் உண்மையில் வரலாறு. நடுவில் குண்டூசித் தலை அளவு பள்ளம் இருந்தால், அது வெறும் தகட்டைக் கடைசல் பிடித்துச் சமப்படுத்தியபோது விழுந்த தடம். தலைமேலேயே சின்ன முத்திரை குத்தியிருந்தால் அது மேல்முத்திரை. பழைய காசு இன்னும் செல்லும் என்றோ, இனி இந்த மதிப்புக்குச் செல்லும் என்றோ அதிகாரம் போட்ட ஒப்பம்.

சில காசுகளில் ஒரு முகம் மட்டும் வேண்டுமென்றே சுரண்டப்பட்டிருக்கும். 211 டிசம்பரில் பேரரசர் கரகல்லா தன் தம்பி கெட்டாவைத் தாயின் கண்ணெதிரே கொல்லவைத்தார், அவன் பெயரையும் உருவத்தையும் எங்கும் அழிக்க உத்தரவிட்டார். ஸ்ட்ராட்டோனிகேயா நகரத்தின் பெரிய வெண்கலக் காசுகளில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே இருந்த இடத்தில், இன்று ஒரு முகமும் ஒரு வெறுமையும் எதிரெதிரே இருக்கின்றன. யாரோ ஓர் ஊர் ஊழியர் காசு காசாக எடுத்து உளியால் தேய்த்திருக்கிறார்.

## எப்படி நின்றது?

2011 ஜூன் 30க்குப் பிறகு நம் 25 பைசா செல்லாமல் போனது நினைவிருக்கும். விலைவாசி ஏறிய பிறகு அந்தக் காசால் வாங்க எதுவும் இல்லை, அடிக்கும் செலவோ கட்டுப்படியாகவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ரோமானிய உலகில் நடந்ததும் இதே மாதிரிதான். போர்ச் செலவுக்காகப் பேரரசர்கள் வெள்ளிக் காசில் வெள்ளியைக் குறைத்துக்கொண்டே போனார்கள். 260களில் அது மேலே வெள்ளி மினுக்கும் செம்பாகிவிட்டது. பெயரளவு வெள்ளிக் காசே இவ்வளவு மலிந்த பிறகு, அதன் சிறு பங்குக்காகக் கனமான வெண்கலம் வார்க்க எந்த ஊருக்குக் கட்டும்? கல்லியேனஸ் காலத்தில் (253–268) ஊர் ஊராக அக்கசாலைகள் மூடின. பாம்ஃபிலியாவின் பெர்கே, டாசிட்டஸ் (275–276) காலம்வரை தாக்குப்பிடித்தது. கடைசியாகப் பேரரசர் டயோக்ளிஷியனின் நாணயச் சீர்திருத்தத்தோடு அலெக்சாந்திரியாவும் அடங்கியது. பிறகு கிழக்கிலும் மேற்கிலும் ஒரே மாதிரிக் காசு, ஒரே லத்தீன் வாசகம்.

## சேகரிக்கத் தொடங்குபவருக்கு

விலையைப் பற்றி முதலில். தேய்ந்த, பரவலாகக் கிடைக்கும் மாகாண வெண்கலங்கள் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். வயது விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை மிஞ்சியிருக்கின்றன, எத்தனை பேர் தேடுகிறார்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பவைதான் தீர்மானிக்கின்றன. எல்லாப் பேரரசர்களையும் சேர்க்கிறேன் என்று கிளம்பாமல், ஓர் ஊரையோ, ஆற்றுத் தெய்வங்களையோ, கோயில் முகப்புகளையோ மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. படிக்கப் படிக்கக் கண் பழகும்.

வாங்குமுன், காசு எங்கிருந்து வந்தது என்ற பழைய விவரத்தைக் கேளுங்கள். துருக்கி போன்ற நாடுகளிலிருந்து தொல்பொருளை வெளியே கொண்டுபோவது குற்றம். அகழ்விடங்களைத் தோண்டித் திருடுபவர்களிடம் வாங்கினால், காசு மிஞ்சும், அதன் வரலாறு அழியும். நம் நாட்டிலும் நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மண்ணில் புதையலாகக் கிடைத்தால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

போலிகளில் பெரும்பகுதி அச்சில் அடிக்காமல் வார்த்தவை. விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, மேற்பரப்பில் காற்றுக் குமிழித் துளைகள், கரைந்த சோப்பு போல் மழுங்கிய எழுத்து ஆகியவை தெரிந்தால் விட்டுவிடுங்கள். முன்பு சொன்ன பெரும் பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாங்க நினைக்கும் காசை அதிலுள்ள படத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக, தேய்க்காதீர்கள். இதை நான் ஒரு காசைப் பலிகொடுத்துக் கற்றேன். பல்கேரியாவின் நிகோபோலிஸ் நகரத்துக் காசு ஒன்று, ஆற்றுத் தெய்வம் சாய்ந்து படுத்திருக்கும் அழகான காசு, எனக்குக் கிடைத்தது. பச்சையாக இருக்கிறதே என்று, குத்துவிளக்குக்குச் செய்வது போலப் புளியைக் கரைத்து ஊறவைத்துத் தேய்த்தேன். கால்மணி நேரத்தில் காசு செக்கச்செவேல் என்று வந்தது. ஆற்றுத் தெய்வத்தின் முகத்தைக் காணோம். வெண்கலத்தின் மேல் நூற்றாண்டுகளாகப் படியும் களிம்பு மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. உலோகத்தின் மேல்தோலே மாறி உருவாவது. கண், மூக்கு, எழுத்து என்ற நுண்மையெல்லாம் அந்தத் தோலில்தான் மிஞ்சியிருக்கிறது. புளியின் அமிலம் அதைத் தின்றுவிடும். செம்பின் களிம்பு நீங்க வேண்டியது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். காசுக்கு மட்டும் அந்த உவமையைப் பொருத்தக் கூடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வெளிர்பச்சை நிறத்தில், விரலால் தொட்டால் மாவாக உதிரும் பொடி தெரிந்தால் அது வெண்கல நோய். உலோகத்துக்குள் புகுந்த உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அரித்துக்கொண்டே போகும். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில், நீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இதில் அசிரத்தை கூடாது.

காசை வைக்கும் காகித உறையின் மேல் விவரம் எழுதுவது வழக்கம். கடைகளில் பேரரசர் பெயரைத்தான் முதலில் எழுதித் தருவார்கள். நான் வீட்டுக்கு வந்ததும் உறையை மாற்றிவிடுவேன். என் காளையும் சிங்கமும் இருக்கும் உறையில் முதல் வரி: 'விமினாகியம், ஆண்டு 3'. கார்டியன் பெயர் அதற்குக் கீழே, சற்றுச் சின்ன எழுத்தில்.